கணக்கில் வராத மொழிகள்

நான் வாழும் ஊரின் பெயருக்குள் ஒரு மரம் நிற்கிறது. திருப்பாதிரிப்புலியூர் என்பதில் வரும் பாதிரி, எங்கள் பாடலீசுவரர் கோயிலின் தலமரம். வடமொழியில் அதற்குப் பாடலம் என்று பெயர்; இறைவனின் திருப்பெயரும் அதையொட்டியே அமைந்தது. ஆனால், வேறோர் இடத்தில் நிற்கும் பாதிரி மரத்தைக் கண்டு அதன் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் வெகு சிலரே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கும், கோயில் பணியாளர் ஒருவர் காட்டிய பிறகே அது தெரிந்தது. இங்கிருந்து தெற்கே உள்ள சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததும் ஒரு மரமே. அந்த மரத்தைக் கூட்டமாகக் காண இன்று பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுக்குச் செல்ல வேண்டும்.

பணி ஓய்வுக்குப் பின் ஒருநாள் என் முன்னாள் மாணவர் ஒருவருடன் அங்கே சென்றிருந்தேன். கிள்ளையை அடுத்த குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்த இருளர் இனப் பெரியவர் ஒருவர் எங்களுக்குத் தில்லை மரத்தைக் காட்டினார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று எச்சரித்தார். உப்பங்கழி நீரில் இறங்கி, வெறுங்கையால் தடவி இறால் பிடிப்பது அவரது தொழில். கால் புதையும் சேறு, கால் தாங்கும் சேறு, ஏறும் நீர், இறங்கும் நீர் என்று நாம் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்பவை ஒவ்வொன்றுக்கும் அவரிடம் தனிச்சொல் இருந்தது. பக்கத்தில் நின்ற பேரனிடம், "தாத்தா சொல்வதெல்லாம் உனக்குத் தெரியுமா, தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் தாத்தாவுக்குத்தாங்க ஐயா தெரியும்" என்று அவன் சிரித்தான். அவனுக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. வருத்தம் எனக்குத்தான். அதற்கான காரணத்தைச் சொல்லுமுன், உலகின் மறுபக்கத்தில் நிகழ்ந்த ஒரு மரணத்தைச் சொல்ல வேண்டும்.

2022 ஆகஸ்டில், பிரேசில் நாட்டின் ரொண்டோனியா மாநிலத்தில், அமேசான் காட்டுக்குள் தனியே வாழ்ந்த ஒருவர் தம் குடிசையில் இறந்து கிடந்தார். நிலம் பறிக்க வந்தோரின் தாக்குதல்களில் அவருடைய இனத்தார் அழிந்துபோக, கால் நூற்றாண்டுக்கு மேலாக அவர் ஒற்றை ஆளாக வாழ்ந்தார். வெளியுலகினர் எவரோடும் பேச மறுத்துவிட்டார். குடிசைக்குள்ளும் வெளியிலும் ஆழமான குழிகளை வெட்டி வைத்திருந்ததால், அவரைக் 'குழி மனிதர்' என்று உலகம் அழைத்தது. அவர் தம்மை எப்படி அழைத்துக்கொண்டார், அவருடைய இனத்தின் பெயர் என்ன, அவர் பேசியது எந்த மொழி என்பதை எவரும் அறியார். ஒரு மொழி, பெயர்கூடப் பதியப்படாமல் மண்ணுக்குள் சென்றுவிட்டது.

அமேசான் படுகை, மொழிகளின் எண்ணிக்கையால் மட்டுமன்றி அவற்றின் வேறுபாட்டாலும் வியப்பூட்டுவது. அங்கே இன்று வழங்கும் மொழிகள் ஏறத்தாழ 300. துப்பி, அராவாக், கரீப், பானோ, துக்கானோ என அவை இருபதுக்கும் மேற்பட்ட மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவை. இவை தவிர, எக்குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனிமொழிகளும் பல உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். தமிழும் தெலுங்கும் ஒரு குடும்பம். இந்தியும் வங்கமும் ஆங்கிலமும் வேறொரு குடும்பம். அமேசானில் ஓர் ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள தொலைவு இருக்கக்கூடும்.

இத்தனை மொழிகள் அடுத்தடுத்து இருந்தால் மக்கள் எப்படி வாழ முடியும் என்ற கேள்வி எழுவது இயல்பே. பிரேசிலும் கொலம்பியாவும் சந்திக்கும் வௌபேஸ் ஆற்றுப் பகுதி இதற்கு விடை தருகிறது. அங்குள்ள துக்கானோ மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மக்களிடையே, ஒரே மொழிக்குழுவைச் சேர்ந்த இருவர் மணந்துகொள்வதில்லை. மணமகள் வேறு மொழி பேசும் குழுவிலிருந்தே வர வேண்டும். ஆகவே, ஒவ்வொரு குழந்தையும் தாய்மொழி, தந்தைமொழி என இரண்டைக் கேட்டு வளர்கிறது. அத்தைகளும் பெரியம்மாக்களும் பேசும் பிற மொழிகளையும் அறிந்துகொள்கிறது. மூன்று, நான்கு மொழி அறிந்திருப்பது அங்கே புலமையின் அடையாளமாகக் கருதப்படுவதில்லை. அது வீட்டு வழக்கம். பல மொழிகள் அருகருகே இருப்பதால் எம்மொழியும் அழிவதில்லை. ஒரு மொழியைப் பேசினால் இழப்பு நேரும் என்ற நிலை வரும்போதே அது அழியத் தொடங்குகிறது.

அமேசானில் அந்த நிலை பல வழிகளில் வந்தது. புதிய நோய்கள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரப்பர் வணிகம் பெருகியபோது, காட்டு மக்கள் கொத்தடிமைகளாக்கப்பட்டனர். உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் தம் மொழியில் பேசத் தடை இருந்தது. பின்னர் சாலைகளும் கால்நடைப் பண்ணைகளும் காட்டைத் துண்டாடின. காட்டை இழந்தவர் பிழைப்புக்காக நகரத்துக்கு வந்தார். நகரத்தின் மொழி போர்த்துகேயம்.

இந்த வரலாற்றில் நாம் கருதத்தக்க ஒரு திருப்பம் உண்டு. நிங்ஙாத்து என்ற மொழி, துப்பி மொழியொன்றின் அடிப்படையில் குடியேற்றக் காலத்தில் உருவான பொதுமொழி. சமயப் பணியாளர்களும் வணிகர்களும் அதைப் பரப்பினர். அது பரவிய இடமெல்லாம் பல சிறு மொழிகளை விழுங்கிற்று. 1750களின் இறுதியில் போர்த்துகல் அரசின் தலைமை அமைச்சர் பொம்பால், பொதுமொழியின் பயன்பாட்டைத் தடைசெய்து போர்த்துகேயத்தைக் கட்டாயமாக்கினார். விழுங்கிய மொழி விழுங்கப்படும் மொழியாயிற்று. இன்று அதுவே அருகிவரும் மொழிகளுள் ஒன்று. பெரிய மொழி, சிறிய மொழி என்பவை நிலையான தகுதிகளல்ல. யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அவை அமைகின்றன.

இதை நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். அழிவை எதிர்நோக்கும் மொழிகள் பற்றி யுனெஸ்கோ வெளியிட்ட உலக வரைபடம் பிரேசிலில் 190 மொழிகளைச் சுட்டியது, இந்தியாவில் 197. பட்டியலில் முதலிடம் நமக்கே. 2010 ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் என்று அறியப்பட்ட மூதாட்டி காலமானபோது, 'போ' என்ற மொழி அவரோடு முடிந்தது. பேச்சுத்துணை இல்லாமல் அவர் பறவைகளோடு தம் மொழியில் பேசியதை, அம்மொழிகளை ஆய்ந்த அன்விதா அப்பி பதிவு செய்திருக்கிறார்.

அந்தமான் தொலைவு என்று நாம் ஆறுதல் கொள்ள வழியில்லை. நம் நீலகிரியிலேயே தோடர் மொழியும் கோத்தர் மொழியும் மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ளவையென அதே வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி தோடர்கள் சுமார் 2,000 பேர். ஒரு நடுத்தரக் கல்லூரியின் மாணவர் எண்ணிக்கை அது.

இச்சிறு மொழிகள் தமிழுக்கு அயலவை அல்ல; உடன்பிறந்தவை. 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1875இல் வந்த விரிவான பதிப்பில் அவர் 12 மொழிகளைக் கணக்கிட்டு, அவற்றில் ஆறினைத் திருந்திய மொழிகள் என்றும், தோடா, கோத்தா, கோண்டு உள்ளிட்ட ஆறினைத் திருந்தாத மொழிகள் என்றும் வகுத்தார். தமிழின் தொன்மையை நிறுவ நாம் கால்டுவெல்லை நாடுகிறோம். அவருடைய ஒப்பீட்டுக்குச் சான்று அளித்தவற்றுள் அந்தத் 'திருந்தாத' மொழிகளும் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். தொல்காப்பியம் றகரத்தை வல்லினத்தில் வைத்தது. இன்று நம்மில் பெரும்பாலோர் நாவில் அது ரகரத்தோடு கலந்துவிட்டது. வல்லினம் என்று ஏன் வகுத்தார்கள் என்று கேட்கும் மாணவனுக்கு நம் பேச்சிலிருந்து சான்று காட்டுவது அரிது. ஆனால், நுனிநா பல்லைத் தொட்டுப் பிறக்கும் வல்லொலி, பல்லின் அடியைத் தொட்டுப் பிறக்கும் வல்லொலி, நா மடிந்து பிறக்கும் வல்லொலி என்ற மூவகை வேறுபாடு மலையாளத்தைப் போலவே தோடர், கோத்தர் மொழிகளிலும் இன்றளவும் உயிரோடிருக்கிறது. நம் இலக்கணத்தின் ஒரு நூற்பாவுக்கு உரை, மலையுச்சியில் எழுதப்படாத மொழியில் இருக்கிறது. அம்மொழி மறைந்தால், மறையும் சான்று நம்முடையதும்தான்.

இந்தப் பணியில் எங்கள் மாவட்டத்துக்குப் பெருமை தரும் பங்கு உண்டு. கனடாவில் பிறந்த எமனோ, 1930களின் பிற்பகுதியில் நீலகிரியில் தங்கிக் கோத்தர் மொழியையும் தோடர் மொழியையும் பதிவு செய்தார். அவர் பரோவுடன் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளிவந்தது. அதே காலத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரும், பின்னர் ச. அகத்தியலிங்கமும் வழிநடத்திய மொழியியல் துறை, எழுத்தில்லாத மொழிகளைத் தேடிச் சென்றது. 1976இல் சு. சக்திவேலின் தோடா ஒலியியலும், 1978இல் பெரியாழ்வாரின் இருளர் மொழி ஒலியியலும் சொற்கோவையோடு அங்கிருந்தே வெளிவந்தன. பிச்சாவரத்துப் படகுத்துறைக்கு அருகிலேயே உள்ள பல்கலைக்கழகம், மேற்கு மலையின் இருளர் மொழிக்கு இலக்கணம் வகுத்தது.

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். 1980களின் இறுதியில் என் வகுப்பொன்றில், பொருளாதார வளர்ச்சிக்கான தடைகளைப் பட்டியலிட்டபோது, மொழிகளின் பெருக்கத்தையும் சேர்த்தேன். மொழி பல என்றால் மொழிபெயர்ப்புச் செலவு பல, சந்தை துண்டாகும், ஆகவே மொழிகள் குறைவது திறனை உயர்த்தும் என்று விளக்கினேன். மலைப்பகுதியிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர் எழுந்து, "மொழி குறைந்தால் செலவு மிச்சம் என்கிறீர்கள், ஐயா. அந்த மிச்சத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள கேள்வி என்று சொல்லி அமர வைத்துவிட்டேன். அது பாடத்திட்டத்தின் மையத்திலேயே இருந்த கேள்வி என்பது புரிய எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். ஊரில் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அதனால் பயனில்லை. வைத்திருப்போர் பெருகப் பெருக, ஒவ்வொருவருக்கும் அதன் மதிப்பு கூடும். மொழியும் அப்படியே. பேசுவோர் மிகுந்த மொழியை நோக்கி மேலும் பலர் நகர்வர். குறைந்த மொழியிலிருந்து மேலும் பலர் விலகுவர். ஒரு தாய் தன் குழந்தையோடு தன் மொழியில் பேசுவதை நிறுத்தும்போது, அவள் அறியாமையால் அப்படிச் செய்வதில்லை. பள்ளியில் கேலி, மருத்துவமனையில் அலட்சியம், வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் புறக்கணிப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டே முடிவெடுக்கிறாள். அவளளவில் அது சரியான முடிவு.

ஆனால், எல்லாத் தாய்மாரும் தனித்தனியே எடுக்கும் சரியான முடிவுகளின் கூட்டுத்தொகை ஒரு பேரிழப்பு. மூலிகையைப் பற்றிய அறிவும், காட்டைப் பற்றிய அறிவும், மனித மனம் உலகைப் பகுத்துப் பார்க்கும் ஒரு வழியும் அதோடு போய்விடுகின்றன. அந்த இழப்பு அவளுடைய கணக்கில் மட்டும் விழுவதில்லை. நம் அனைவரின் கணக்கிலும் விழுகிறது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். ஆலைப் புகைக்கு விலை குறிக்கப்படாததால் காற்று மாசடைகிறது. மொழியைக் காத்து வைத்திருப்பதற்கு விலை கொடுக்கப்படாததால் மொழி மறைகிறது. மொழியைச் சுமக்கும் செலவு முழுவதையும் மிக வறியவர்மீது ஏற்றிவிட்டு, அதன் பயனை உலகம் முழுவதும் இலவசமாக நுகர எண்ணுவது எவ்வகையில் நியாயம்?

கணக்கு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டது. 1971 முதல், 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளின் பெயர்கள் வெளியிடப்படுவதில்லை. அவை 'பிற' என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடும். 2011இல் மக்கள் கூறிய பெயர்கள் 19,569. அவை சீர்செய்யப்பட்டு, தொகுக்கப்பட்டு, இறுதியில் 121 மொழிகளாக நின்றன. அந்தக் கணக்கெடுப்பில் இருளர் மொழியைத் தாய்மொழியாகக் குறித்தோர் 11,870 பேர். அவர்களும் தமிழ் என்ற தலைப்பின் கீழேயே சேர்க்கப்பட்டனர். தமிழ்நாட்டில் மட்டும் இருளர் தொகை அப்போது ஏறத்தாழ 1.9 லட்சம். நூற்றுக்கு ஏழு பேர்கூட அம்மொழியைத் தம்முடையதென்று குறிக்கவில்லை. கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டுச் சமவெளிகளில் வாழும் இருளரில் பெரும்பாலோர் இன்று பேசுவது தமிழே. நாம் ஆதிக்கம் செய்ததாக எண்ணுவதில்லை. இருப்பினும், அமேசானில் போர்த்துகேயம் நிற்கும் இடத்தில் இங்கே நிற்பது நம் மொழிதான். பெரிய மொழிகளின் அழுத்தம் எத்தகையது என்பதை ஒரு நூற்றாண்டாகப் பேசிவரும் நமக்கு, இதை உணர்வது கடினமாக இருக்கக் கூடாது.

பழங்குடிப் பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் கற்று முன்னேறுவதை விடுத்து, பழைய மொழியிலேயே கட்டுண்டு கிடக்க வேண்டுமா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால், இரண்டில் ஒன்றையே பெற முடியும் என்ற தவறான அனுமானமும் இருக்கிறது. வௌபேஸ் ஆற்றங்கரைக் குழந்தை நான்கு மொழிகளோடு வளர்கிறது. ஒடிசா அரசு 2006-07 முதல் பழங்குடிக் குழந்தைகளுக்கு அவர்களுடைய தாய்மொழியில் கல்வியைத் தொடங்கி, படிப்படியாக ஒடியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் அழைத்துச் செல்கிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்யுமாறு நம் அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவும் கூறுகிறது. பிள்ளை தன் மொழியை விட்டுவிட்டு வந்தால்தான் பள்ளிக்கூடத்துக்குள் நுழையலாம் என்ற நிபந்தனையையே நீக்கச் சொல்கிறோம்.

செய்யக் கூடியவை எளியவையே. முதலாவது, எண்ணிக்கை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 10,000 என்ற வரம்பை நீக்கி, மக்கள் கூறும் ஒவ்வொரு தாய்மொழியின் பெயரையும் வெளியிட வேண்டும். தரவுகள் ஏற்கெனவே திரட்டப்படுபவை. அச்சிடுவதற்கான கூடுதல் செலவு அற்பம். இரண்டாவது, பதிவு. மைசூருவில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013இல் அருகிவரும் மொழிகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசும் 2024-25 நிதிநிலை அறிக்கையில் பழங்குடியினரின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த ரூ.2 கோடி அறிவித்தது. இவற்றோடு, அரை நூற்றாண்டுக்கு முன் வெளிவந்த இலக்கண நூல்களையும் சொற்கோவைகளையும் அந்தந்த மக்களிடமே திருப்பித் தர வேண்டும். தம் பாட்டனாரின் சொற்கள் ஒரு நூலில் இருப்பதை அறியாத பேரர்கள் எத்தனையோ பேர்.

மூன்றாவது, ஊதியம். தொடக்கப் பள்ளியில் அம்மொழி அறிந்த ஒரு முதியவரோ இளைஞரோ உதவி ஆசிரியராக அமர்ந்து சம்பளம் பெற்றால், அம்மொழிக்குச் சந்தையில் முதன்முறையாக ஒரு விலை கிடைக்கிறது. மதிப்பும் அதைத் தொடர்ந்து வரும். இருளரின் பாம்பு பிடிக்கும் அறிவு ஏளனத்துக்குரியதாக இருந்த காலம் உண்டு. 1978இல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் தோன்றி, பாம்பின் நஞ்சு உயிர்காக்கும் மருந்துக்கு மூலப்பொருளானது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அறிவு மாறவில்லை, அதற்கு விலை கொடுக்கும் அமைப்பு தோன்றியது. நான்காவது, நிலம். காடும் கழியும் கைவிட்டுப் போனால், அவற்றைப் பேசும் சொற்களை எந்த ஒலிப்பதிவும் காப்பாற்றாது. 2006 வன உரிமைச் சட்டத்தை முழுமையாகச் செயல்படுத்துவது மொழிக்கொள்கையும் ஆகும்.

அமேசானில் ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் உள்ள சாவ் கேப்ரியல் நகராட்சி, 2002இல் நிங்ஙாத்து, துக்கானோ, பனிவா ஆகிய மூன்றையும் போர்த்துகேயத்தோடு இணை ஆட்சிமொழிகளாக அறிவித்தது. 2023இல் பிரேசில் நாட்டின் அரசமைப்புச் சட்டம் நிங்ஙாத்து மொழியில் வெளிவந்தது. இதனால் அம்மொழிகள் உறுதியாகப் பிழைத்துவிடும் என்று எவரும் கூறவியலாது. ஆனால், தம் மொழியில் பேசினால் தலைகுனிய வேண்டியதில்லை என்று அங்குள்ள ஒரு குழந்தைக்கு அரசே சொல்லியிருக்கிறது.

ஐ.நா. அவை 2022 முதல் 2032 வரையிலான காலத்தைப் பழங்குடி மொழிகளின் பத்தாண்டாக அறிவித்துள்ளது. அதில் ஒரு பகுதி ஏற்கெனவே கழிந்துவிட்டது. அடுத்த முறை பிச்சாவரம் செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும், ஒலிப்பதிவுக்கு என் கைப்பேசியையும் எடுத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அந்தப் பெரியவர் சொல்லச் சொல்ல எழுதப் போவது நானல்ல, அவருடைய பேரன். எழுதும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அவனுக்கு ஊதியம் தருவதென்று முடிவு செய்திருக்கிறேன். அன்று வகுப்பில் எழுந்து நின்ற மாணவருக்கு நான் தரத் தவறிய விடை அதுதான்.